பொன்னூசி கட்டிய உப்புக்குளம்

ஒரு காட்டில், கடல்நீர் மரங்களின் வேர்வரை வந்து தொட்டுத் திரும்பும் ஓரத்தில், சடையன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தான். அவன் தன் மனைவி பொன்னூசியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஐப்பசி மாதத்துப் பிற்பகலில்.

அவள் வளையை விட்டு வெளியே வந்து மேகத்தைப் பார்த்தாள். "ஆற்றுக்கு அக்கரையில் கிழங்கு முற்றியிருக்கிறதாம். நாலு தோண்டிக்கொண்டு வருகிறேன். குளத்தில் இலை விழுந்து கிடக்கிறது, எடுத்துப் போடுங்கள்" என்றாள்.

"மழை வரும் போலிருக்கிறதே?"

"வந்தால் நனைவேன். நான் என்ன உப்பா, கரைந்துபோக?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்று மலையில் பெய்த மழை ஆற்றில் வெள்ளமாக இறங்கியது. பொன்னூசி திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் நண்டுகள் வந்து செய்தி சொல்லிவிட்டுப் போயின.

சடையன் அழுதான். பிறகு எழுந்து போய், குளத்தில் கிடந்த இலைகளை எடுத்துப் போட்டான்.

குழந்தைகளே, அந்தக் குளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைப் போன்ற ஒன்றை அந்தக் காட்டில் அதற்கு முன் யாரும் கட்டியதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புயல் அடித்தது. ஆழ்கடலில் இருந்து ஒரு பாறைத் துண்டைப் பெயர்த்து வந்து கரையில் போட்டுவிட்டுப் போனது. அந்தத் துண்டில் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் இதழ்களுக்குள் இரண்டு மீன்கள் ஒளிந்திருந்தன. செம்மஞ்சள் உடம்பு, அதில் வெள்ளைப் பட்டை. ஒன்று பெரிது, அது மனைவி. ஒன்று சின்னது, அது புருஷன். கரையோரக் குழி ஒன்றில் கொஞ்சம் நீர் தேங்கியிருந்ததால் மூன்றும் பிழைத்துக் கிடந்தன.

பொன்னூசி அவற்றைக் கண்டாள். "இவற்றுக்கு ஒரு வீடு கட்டப் போகிறேன்" என்றாள்.

"கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே. அதில் விட்டுவிடலாமே?" என்றான் சடையன்.

"இவை பவளப்பாறை மீன்கள். அந்தப் பாறை எவ்வளவு தூரமோ. இந்தச் சேற்றுநீரில் விட்டால் பொழுது சாய்வதற்குள் கெளுத்தி விழுங்கிவிடும்."

அவர்களுடைய வளைக்குக் கொஞ்சம் கீழே, புன்னைமர நிழலில், பாறையில் ஒரு பள்ளம் இருந்தது. குளம் என்று பேர்தானே தவிர, நாலு யானைக்கால் தடத்தை ஒன்றாகச் சேர்த்த அளவுதான். பொன்னூசி அதைத் தேய்த்துக் கழுவினாள். அடியில் கடல்மணலைப் பரப்பினாள். ஓட்டை ஓட்டையாக இருந்த பவளக்கற்களைப் பொறுக்கி வந்து, சாயாமல் சரியாமல் அடுக்கினாள். சடையன் சிரட்டை சிரட்டையாகக் கடல்நீரைச் சுமந்து ஊற்றினான்.

குளம் நிறைந்தது. "இனி மீனை விட வேண்டியதுதானே?" என்றான்.

"இன்னும் ஒரு மாதம் போகட்டும்."

"ஏன்?"

"மீன் அழுக்குப் போடும். அதைத் தின்று தீர்க்கக் கல்லிலும் மணலிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேற வேண்டும். அவை வந்த பிறகுதான் மீன் வரவேண்டும்."

"கண்ணுக்குத் தெரியாததை நீ எப்படிப் பார்த்தாய்?"

"நான் அவற்றைப் பார்க்கவில்லை. கரையில் இருக்கும் குழிகளைப் பார்த்தேன். புதுக் குழியில் மீன் சாகிறது, பழைய குழியில் பிழைக்கிறது. அப்படியானால் பழைய குழியில் ஏதோ இருக்கிறது."

ஒரு மாதம் வரை காலையும் மாலையும் கரைக்குப் போய், மீன்கள் இருந்த குழியில் புதுநீர் ஊற்றி வந்தாள். பிறகுதான் அவற்றைக் குளத்துக்குக் கொண்டுவந்தாள். மீன்கள் அவளை அத்தை என்றன, சடையனை மாமா என்றன.

ஒருநாள் வெயிலில் குளத்து நீர் இரண்டு விரல் குறைந்துவிட்டது. சடையன் ஓடிப்போய்க் கடல்நீர் கொண்டுவந்தான். பொன்னூசி குறுக்கே நின்றாள்.

"அது வேண்டாம். சுனைத் தண்ணீர் கொண்டு வாருங்கள்."

"உப்புநீர் மீனுக்கு நல்ல தண்ணீரா? ஏன்?"

"வெயில் தண்ணீரை மட்டும்தான் குடிக்கும், உப்பைத் தொடாது. குறைந்த இடத்தில் மறுபடி உப்புநீரை ஊற்றினால் உப்பின்மேல் உப்பு ஏறும். நக்கிப் பாருங்கள், புரியும்."

சடையன் நக்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது. சிரட்டையைக் கவிழ்த்துவிட்டுச் சுனைக்குப் போனான்.

அவள் செய்ததிலெல்லாம் பெரிய வேலை குழாய்தான். தினமும் நீர் சுமந்து சடையனுக்கு முதுகு வலித்தது. "கடலே தன் நீரைச் சுமந்து வரட்டும்" என்றாள் பொன்னூசி.

குளத்துக்குக் கீழே ஓர் உப்போடை இருந்தது. கடல் ஏறும்போது ஓடை குளத்தைவிட உயரமாகப் பொங்கும், இறங்கும்போது அடிமட்டத்துக்குப் போய்விடும். பொன்னூசி மூங்கில்களை வெட்டி, உதிர்ந்த முள்ளால் கணுக்களைக் குடைந்து, கற்றாழை நாரால் கட்டி, தேன்மெழுகு பூசி ஒரே குழாயாக்கினாள். அதன் ஒரு வாய் ஓடையின் ஆழத்தில் கிடந்தது. அங்கிருந்து மேலேறி, குளத்துக் கரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, வளைந்து கீழே இறங்கியது. மறு வாய் குளத்தின் அடியில் இருந்தது. இரண்டு வாயிலும் மீன் நுழையாதபடி சல்லடைபோலத் தென்னம் பன்னாடை கட்டினாள். மிஞ்சும் நீர் வழிந்துபோக எதிர்க்கரையில் ஒரு வெட்டு வெட்டினாள்.

"குழாய் ஏன் அடிவரை போக வேண்டும்? மேலேயே கொட்டினால் என்ன?"

"மேலே கொட்டினால் மேல்நீர் மட்டும்தான் மாறும். அடியில் கிடக்கும் நீர் நாறிப்போகும்."

அன்று முதல் கடல் ஏறும் போதெல்லாம் குளத்தின் அடியில் இருந்து புதுநீர் பொங்கியது. கடல் சாமந்தி இதழ் விரித்து ஆடியது. காட்டில் இருந்த மான்களும் மயில்களும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. சடையன் குழாயைப் பார்ப்பான், பிறகு மனைவியைப் பார்ப்பான். அவனுக்குப் பாராட்டத் தெரியாது. ஏன் என்று கேட்கத்தான் தெரியும். கேட்டதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது.

இப்போது கேட்க ஆளில்லை.

அவள் போன அடுத்த மாதம், மாசாணம் என்ற உடும்பு வந்தது. யார் எதைச் செய்தாலும் அதில் குறை கண்டுபிடிப்பதுதான் அதன் பிழைப்பு. குளத்துக் கரையில் இருந்த தட்டைப் பாறையில் படுத்து வெயில் காய்வது அதன் வழக்கம்.

"மச்சான், உன் குழாய் ஒழுகுகிறது" என்றது.

"எங்கே?"

"வளைவில், அந்தக் கொடிக்குக் கீழே. நீர் வரும் போதெல்லாம் என் முதுகில் பீச்சியடிக்கிறது. நானும் இத்தனை நாளாகப் பார்க்கிறேன், படுத்தோம் எழுந்தோம் என்று நிம்மதி உண்டா?"

சடையன் கொடியை விலக்கிப் பார்த்தான். குழாய் வளையும் இடத்தில், நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே, ஒரு முள் நுழையும் அளவுக்குத் துளை இருந்தது.

"இதை அவள் இருந்தபோதே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாமலா? 'வேறு பாறை பார்த்துப் படு' என்றாள். கோபிக்காதே மச்சான், உன் பெண்டாட்டி கெட்டிக்காரிதான். ஆனால் கெட்டிக்காரியும் ஓர் இடத்தில் கோட்டை விடுவாள். ஊர் பார்க்கிற குழாய், ஒழுகினால் யாருக்குக் கேவலம்?"

அந்தச் சொல் சடையனுக்குத் தைத்தது. பொன்னூசியின் வேலையில் ஒரு குறை என்று ஒருவரும் சொல்லக் கூடாது. மறுநாள் விடியுமுன், கடல் இறங்கியிருந்த நேரம் பார்த்து, களிமண்ணும் மரப்பிசினும் குழைத்துத் துளையை இறுக அடைத்தான்.

அன்று முற்பகலில் கடல் ஏறியது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மாசாணம் காய்ந்த முதுகோடு படுத்துக்கொண்டு, "இப்போதுதான் குழாய் குழாயாக இருக்கிறது" என்றது. சடையனுக்கும் பெருமையாக இருந்தது. அவளுக்கு ஏதோ ஓர் உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வளைக்குள் போய்ப் படுத்தான்.

பிற்பகலில் மீனின் குரல் கேட்டு எழுந்தான்.

"மாமா, சீக்கிரம் வாருங்கள். தண்ணீர் போகிறது."

குளத்தில் பாதி நீர் இல்லை. பவளக்கற்களின் தலைகள் வெளியே தெரிந்தன. கடல் சாமந்தி சுருங்கி ஓர் உருண்டையாகி இருந்தது. பெரிய மீன் அதன் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. சின்ன மீன், "நான் அப்போதே சொன்னேன்" என்றது. "நீ எப்போது சொன்னாய்? வாயை மூடிக்கொண்டு மூச்சை விடு" என்றது பெரிய மீன்.

பாறை பிளந்துவிட்டதோ என்று சடையன் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான். ஒரு விரிசலும் இல்லை. சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினான். கடல் இறங்கிப் போயிருந்தது. எட்டிய இடமெல்லாம் சேறுதான். வெறும் சிரட்டையோடு திரும்பினான். அதற்குள் நீர் இன்னும் இறங்கியிருந்தது.

மாசாணம் பாறையில் இருந்து இறங்கிக் குளத்தின் விளிம்பில் வந்து நின்றது. அதன் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

"விதி மச்சான். மாலை வரைக்கும் தாங்காது. வீணாகச் செத்துப் போவதைவிட என்னிடம் கொடுத்துவிடு. இரண்டும் ஒரு வாய்க்குக் காணாது, இருந்தாலும் உனக்காக."

"மாமா, இந்தக் குழாய் என் வாலைப் பிடித்து இழுக்கிறது" என்றது பெரிய மீன்.

சடையன் குழாயின் வாயில் பாதத்தை வைத்தான். வெளியே தள்ள வேண்டிய குழாய், உள்ளே உறிஞ்சியது. பாதம் பன்னாடையோடு ஒட்டிக்கொண்டது. நீர் இறங்குவது நின்றது. பாதத்தை எடுத்தான், மறுபடி இறங்கியது. மறுபடி வைத்தான்.

வந்த வழியாகவே நீர் கடலுக்குத் திரும்பிப் போகிறது என்பது இப்போது புரிந்தது. ஆனால் பாதத்தை எடுத்தால் நீர் போகும். எடுக்காமல் உட்கார்ந்தாலோ உடும்பை விரட்ட முடியாது; அது எதிர்க்கரையில் ஓரடி முன்னே வந்திருந்தது. சடையன் முள்ளைச் சிலிர்த்தான். உடும்பு அரையடி பின்வாங்கியது, அவ்வளவுதான். அதற்கு அவசரம் இல்லை.

இரண்டு வருடமாகக் கடல் தினமும் இறங்கியிருக்கிறது. ஒருநாளும் குளம் வற்றியதில்லை. இன்று மட்டும் ஏன்?

கேட்க ஆளில்லை. சடையன் தன்னையே கேட்டுக்கொண்டான். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது? ஒன்றுதான் மாறியது. அதை மாற்றியவன் அவனேதான்.

வாயாலேயே தன் விலாவில் இருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினான். பாதத்தை எடுக்காமல், கழுத்தை நீட்டி, வளைவில் இருந்த களிமண் அடைப்பில் முள்ளைக் குத்தினான். பிசின் இறுகியிருந்தது. இரண்டாம் முறை குத்தியபோது முள் உள்ளே இறங்கியது. உருவினான்.

விசிலடிப்பதுபோல ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போனது. குழாய் இரண்டு முறை விக்கியது. பிறகு அடங்கிவிட்டது. சடையன் மெல்லப் பாதத்தை எடுத்தான். நீர் அசையவில்லை.

அப்போது உட்கார்ந்து யோசித்தான். குழாய் முழுக்க நீர் நிறைந்திருந்தால், கீழே இறங்கும் கடல் மேலே இருக்கும் நீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் கொஞ்சம் காற்று நுழைந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அவள் அந்தத் துளையைக் காற்று நுழையத்தான் போட்டிருக்கிறாள். கடல் ஏறும்போது அது நாலு சொட்டுச் சிந்தும் என்று தெரிந்தே போட்டிருக்கிறாள். அது நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே இருக்க வேண்டும் என்று அளந்து போட்டிருக்கிறாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

"கெட்டிக்காரி" என்றான் சடையன். அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மிஞ்சிய நீரில் மீன்கள் மாலைவரை தாக்குப்பிடித்தன. சடையன் இடத்தைவிட்டு நகரவில்லை. முள்ளைத் தாழ்த்தவும் இல்லை. கடல் மறுபடி ஏறியது. குளத்தின் அடியில் புதுநீர் பொங்கியது. பெரிய மீன் நிமிர்ந்து நீந்தியது. கடல் சாமந்தி ஒவ்வோர் இதழாக விரிந்தது. வளைவில் இருந்த துளையில் இருந்து மெல்லிய தாரையாக நீர் பீச்சி, தன் பாறைக்குத் திரும்பியிருந்த மாசாணத்தின் முதுகில் விழுந்தது.

"மச்சான், மறுபடி ஒழுகுகிறதே" என்றது மாசாணம்.

"ஆமாம், ஒழுகும். வேறு பாறை பார்த்துப் படு" என்றான் சடையன்.

அந்தக் குளம் இன்னும் இருக்கிறது. மூங்கிலை அதன்பிறகு இரண்டு முறை மாற்றியாயிற்று. துளை அதே இடத்தில் இருக்கிறது.

நீதி: ஒன்று ஏன் இருக்கிறது என்று தெரியாதவரை, அதைக் குறை என்று திருத்தப் போகாதே.