உளுவைக்குச் சொந்தமான கல்

நீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க, குடைக் காம்பின் வளைவை ஆற்றுக்குள் விட்டு, இன்னொரு கல்லை இழுத்து மேற்படியில் வைத்தார் சிவனணைந்தான்.

"அம்மா, ஏறி வந்திருங்க. அஞ்சாவது கல்லும் முங்கிட்டு."

அவருடைய குரு வடிவாம்பாள் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார்.

"அணையில கொஞ்சம் திறந்திருக்காங்க. முழங்கால் அளவு கூடும்னு விடுதி மேனேஜர் சொன்னாரே, அண்ணாச்சி."

"என் தம்பிகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

சீடர் குருவைவிட இருபது வயது மூத்தவர். தம்பியை வெள்ளம் கொண்டுபோன பிறகு எந்த ஆற்றிலும் கால் நனைத்ததில்லை. விடுதிக்கு வந்து மூன்று நாளாகிறது. எதிர்க்கரை மருத மரத்தடியில் நீர்நாய்கள் குட்டிகளோடு விளையாடியதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டார். அவர் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பயம் போக வழி சொல்லுங்க. இல்லேன்னா மத்தியான பஸ்ஸுல ஊருக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

வடிவாம்பாள் படியேறி வந்து, புதிய கல்லைப் புரட்டினார். அடிப்பக்கம் முழுக்கக் கசகசாவை ஒட்டியதுபோல் முட்டைகள்.

"எங்கே எடுத்தீங்க?"

சிவனணைந்தான் குடையால் காட்டினார். தெளிந்த நீருக்கடியில் கல் இருந்த பள்ளம். அதில் விரல் நீள உளுவை மீன் ஒன்று, ஓட்டத்தை எதிர்த்து நின்றிருந்தது.

"தகப்பன். காவல் இதுதான்."

"கல்லே இல்லையே. இன்னும் நிக்குதே, பயமில்லையா அதுக்கு?"

"இல்லாமலா? செவுள் அடிக்கிற வேகத்தைப் பாருங்க."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்கேயிருந்தே போட்டிரலாமா?"

"அது தலையிலயா?"

"குடையால தள்ளி…"

"குடை எடுக்கத்தான் ஆகும், அண்ணாச்சி. வைக்க ஆகாது."

கல்லை அவர் கையில் கொடுத்தார். வெயிலில் முட்டைகளின் மினுமினுப்பு குறைந்துகொண்டிருந்தது.

சிவனணைந்தான் ஆற்றைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு கால். பிறகு மற்றது. நீர் முழங்காலைத் தாண்டியது. உளுவை விலகிப் போய், உடனே திரும்பி வந்தது.

அவர் குனிந்து, முட்டைகள் கீழே இருக்கும்படி, கல்லைப் பள்ளத்தில் பொருத்த முயன்றுகொண்டிருந்தார்.

நீர் இன்னொரு படி ஏறிச் செருப்பைத் தொட்டது. வடிவாம்பாள் இரண்டையும் கையில் எடுத்து, இரண்டு படி மேலே வைத்தார்.