மந்திரியின் நிலத்தில் குடியேறியவர்கள்

கடம்பநாட்டு ராஜா நெடுமுடியாருக்குக் கோபம் வந்தால் மீசை மட்டும்தான் துடிக்கும். பசி வந்தால் நாடே துடிக்கும். அதனால் அந்த அரண்மனையில் சேனாதிபதியைவிட அதிக மதிப்பு, ராஜாவின் சோற்றை முதலில் ருசி பார்க்கிற சாத்தப்பனுக்குத்தான். ஆள் குட்டை. வயிறு பெரிது. வாய் அதைவிடப் பெரிது.

ஒருநாள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு பக்கம் மந்திரி சிங்கமுகர். மறுபக்கம் அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் விளைவிக்கும் பேச்சாயியும் அவள் கணவன் மாயாண்டியும்.

"குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, மகாராஜா. என் நிலம் எனக்கு வேண்டும்" என்றார் மந்திரி.

"நீங்க குடுக்கும்போது அது நிலமாவா இருந்துச்சு?" என்று பேச்சாயி பொரிந்தாள். "உரம்னு சொல்லிச் சீமைப்பொடியைக் கொட்டிக் கொட்டிப் பாறையா ஆக்கி வச்சிருந்தீங்க. வெட்டினா மண்வெட்டிக்குத்தான் காயம். நாங்க பொடியை நிறுத்தினோம். சாணம், இலைதழை, ஏரி வண்டல் எல்லாம் போட்டோம். ஆட்டுக்கிடை வச்சோம். முதல் வருசப் பயிரு, சின்னப் பையன் மீசை மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு. ஊரே சிரிச்சுது. மறு வருசமும் அதே கதை. காட்டுக்கிழங்கைத் தின்னுட்டுக் கிடந்தோம். இப்பத்தான் மண்ணு இளகிக் கதிர் சாயுது. இப்பப் போய் எந்திரின்னா எப்படி சாமி?"

ராஜாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் குத்தகை முடிந்தால் நிலம் உடையவருக்கே என்பது அவர் தாத்தா போட்ட சட்டம். அவர் சாத்தப்பனைப் பார்த்தார். சாத்தப்பனுக்கும் கவலைதான். அரண்மனைப் பந்திக்கு வருவது அந்த வயல் அரிசி. ருசி பார்க்கிற சாக்கில் அவர் தினமும் இரண்டு இலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மந்திரியார் கேட்பது நியாயம்தான்" என்றார் சாத்தப்பன்.

பேச்சாயி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"நிலம் கொடுத்தபடியே திரும்ப வேண்டும். அப்படித்தானே, மந்திரியாரே?"

"அப்படியே வேண்டும்! வரப்பு ஒரு விரல்கூடக் குறையக் கூடாது."

"கூடுதலாக ஏதாவது இருந்தால்?"

"அடுத்தவர் பொருள் எனக்கு எதற்கு ஓய்? இவர்களுடையது ஒரு துரும்பு இருந்தாலும் எடுத்துக்கொண்டு போகட்டும்."

"அடடா, என்ன பெருந்தன்மை! நீங்கள் கொடுத்தபோது நிலத்தில் புழு, கிழு ஏதாவது இருந்ததா?"

மந்திரிக்குச் சுருக்கென்றது. சீமைப்பொடி விற்பவர் அவருடைய மைத்துனர்.

"என் நிலத்திலா? பொடி போட்ட நிலம் ஓய் அது! தேடினாலும் ஒரு புழு கிடைக்காது. பளிங்கு மாதிரி வைத்திருந்தேன்!"

"அப்படியானால் இப்போது அங்கே இருக்கும் மண்புழுவெல்லாம் பேச்சாயி குடிவைத்தவை. அவற்றைக் காலி செய்துவிட்டு அவள் நிலத்தைத் தந்துவிடுவாள். என்னம்மா?"

பேச்சாயியின் கண் சட்டென்று மின்னியது. "ஒண்ணு விடாம காலி பண்ணிடறேன் சாமி!"

"கடைசிப் புழு வெளியேறும்வரை குத்தகை தொடரட்டும்" என்றார் ராஜா.

"புழுதானே? சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவோம்!" என்று மந்திரி கிளம்பினார். வேடிக்கை பார்க்கச் சபையும் கிளம்பியது.

மண்வெட்டியை ஒரு போடு போட்டதுதான். கொத்துக் கொத்தாகப் புழுக்கள். மந்திரி பட்டு வேட்டியை மடித்துக் கட்டி வயலில் இறங்கினார். "அதோ ஒன்று! விடாதே! ஐயோ, மண்ணுக்குள் போகிறதே, வாலைப் பிடி!"

"அது வாலா தலையான்னு பாத்துப் பிடிங்க சாமி" என்றாள் பேச்சாயி.

கூடையில் போட்டவை கூடையின் இடுக்கு வழியாக நழுவி மறுபடி வயலுக்குள் போயின. வெயில் சாய்ந்தது. ஒரு மூலைகூட முடியவில்லை. மந்திரியின் தலைப்பாகையில் இரண்டு புழுக்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தன.

அதுவரை வாய் திறக்காத மாயாண்டி ஒரு புழுவை உள்ளங்கையில் ஏந்தி வந்தான். "இதைப் பாருங்க சாமி. கழுத்துப் பட்டை தடிச்சிருக்கு. முட்டை வைக்கப் போகுது. மாசமா இருக்குது."

சாத்தப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதா? நம் நாட்டில் அப்படி ஒரு பாவத்தை யார் செய்வார்கள், மகாராஜா?"

"அது மனிதருக்கு ஓய்!" என்று கத்தினார் மந்திரி.

"காலையிலிருந்து காலி செய்யச் சொல்லி மனிதரைப்போல அவற்றோடுதானே மல்லுக்கட்டுகிறீர்கள்?"

ராஜாவின் மீசை துடித்தது. கோபத்தால் அல்ல. "பிரசவம் ஆகும்வரை பொறுத்திருங்கள் மந்திரியாரே" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆன பிறகு?"

"அதுக்குள்ள பக்கத்து வளைக்காரி மாசமாயிருப்பா சாமி!" என்றாள் பேச்சாயி.

ராஜா வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தீர்ப்பைக் கேளுங்கள்! இந்த நிலத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இல்லாத நாள் பார்த்து மந்திரியார் நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். அதுவரை இது பேச்சாயியின் குத்தகை."

மந்திரி தலைப்பாகையை உதறிவிட்டு நடையைக் கட்டினார். சாத்தப்பன் விடவில்லை.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்? மண் உங்களுடையது. அந்த மண்ணில் பிரசவம் என்றால் அதுதான் தாய்வீடு. தாய்வீட்டுச் சீர் யார் செய்வது?"

"சீரா! புழுவுக்கு வளைகாப்பா? கையே இல்லாததற்கு எங்கே ஓய் வளையல் போடுவது?"

"வளையல் வேண்டாம் மந்திரியாரே. பலகாரமும் வேண்டாம். உங்கள் தொழுவத்துச் சாணத்தை வருஷா வருஷம் வண்டி வண்டியாக அனுப்புங்கள். மசக்கைக்கு அதைத்தான் அவை கேட்கின்றன."

"அப்படியே ஆகட்டும்! முதல் வண்டிக்கு மேளம் என் செலவு!" என்றார் ராஜா.

மறுநாள் காலை, மஞ்சள் குங்குமம் பூசிய மாடுகள் முன்னே வர, நாதஸ்வரம் முழங்க, மந்திரி வீட்டுச் சாணம் ஊர்வலமாக வயலுக்குப் போய்ச் சேர்ந்தது.