ஒச்சப்பன் ஹேண்டில்பாரை உசத்தினது

மந்தைப்பாறைக்காரர்களிடம் வழி கேட்கலாம், தண்ணி கேட்கலாம், பொண்ணுகூடக் கேட்கலாம். ஆனால் அவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க மட்டும் கூடாது. சொன்னால் அப்படியே செய்துவிடுவார்கள், பாவிகள்.

அந்த ஊர் ஒச்சப்பனுக்குத் தாய்மாமன் மகள் மயில்தாய் மேல் கொள்ளை ஆசை. அவளை நினைத்துவிட்டால் தொண்டையில் சோறு இறங்காது. ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு மாமா காத்தமுத்துவிடம் போய்க் கேட்டேவிட்டான். மாமா மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, முதல்ல நாலு பேர் முன்னாடி தலை நிமிர்ந்து வா. அப்புறம் பொண்ணு கேளு. ஆவணிக்குள்ள வரலைன்னா அவளை வேற இடத்துல குடுத்துருவேன்."

வேறு ஊர்க்காரன் என்றால் ஏதாவது வேலை தேடிப் போயிருப்பான். ஒச்சப்பன் நேரே வீட்டுக்குப் போய்த் தன் சைக்கிளை முறைத்தான். பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த மலை சைக்கிள் அது. டயர் தடிமன், கியர் ஏழெட்டு, ஹேண்டில்பார் மட்டும் சீட்டைவிடத் தாழ்வு. நெட்டையனான ஒச்சப்பன் ஏறி மிதித்தால் பின்பக்கம் வானத்தைப் பார்க்கும், முகம் முன்சக்கரத்தைப் பார்க்கும். இத்தனை வருஷமாக அவன் தெருவில் போகும்போதெல்லாம் மயில்தாய் பார்த்தது அவன் உச்சந்தலையைத்தான்.

கூட்டாளிகள் தவசியும் மொக்கைச்சாமியும் கூடி யோசித்தார்கள். நடந்து போனால் தலை தானாக நிமிர்ந்திருக்குமே என்றான் மொக்கைச்சாமி. சைக்கிள் வைத்திருக்கிறவன் நடந்து போனால் பஞ்சர் என்று நினைப்பார்கள், பஞ்சரானவனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான் என்று தவசி அவனை அடக்கிவிட்டான். ஆகவே ஹேண்டில்பாரை உசத்துவது என்று முடிவானது.

ஹேண்டில்பாரைத் தாங்குகிற தண்டை உசரமானதாகப் புதுசு வாங்கக் கையில் காசில்லை. டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய்க்குத் தவசி போன் போட்டான். பாய் நல்ல மனுஷன். பழைய மாடல்தானே தம்பி, காசே செலவில்லை என்று ஆரம்பித்து நிதானமாகச் சொன்னார்.

"போல்ட்டை லூஸ் பண்ணிக்க. தலையில கட்டையை வச்சு சுத்தியால ஒரு தட்டு தட்டு. ஆட ஆரம்பிக்கும். உடனே மேலே தூக்கு. கோடு ஒண்ணு இருக்கும், அது வெளியே தெரியக் கூடாது, தெரிஞ்சா உசுருக்கே ஆபத்து. அப்புறம் நல்லா இறுக்கிடு."

போல்ட்டை லூஸ் பண்ணினார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

"தலையிலன்னாரே, யார் தலையில?" என்று கேட்டான் மொக்கைச்சாமி.

தவசி போல்ட்டைக் குனிந்து பார்த்தான். "இதுக்குக் கண்ணு இருக்கா, காது இருக்கா? இது எப்படித் தலையாகும்? நிமிர வேண்டியது எந்தத் தலையோ, அந்தத் தலைதான்."

ஒச்சப்பன் கொஞ்சம் தயங்கினான். பிறகு மயில்தாயை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கட்டையை அவன் தலையில் வைத்துத் தவசி ஒரே தட்டு தட்டினான். ஒச்சப்பன் முன்னும் பின்னும் ஆடினான்.

"பாய் சொன்னாப்லயே ஆடுது பாரு. தூக்கு, தூக்கு," என்றான் தவசி.

ஆளுக்கு ஒரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தூக்கத் தூக்கச் சட்டை மேலேறியது. அரைஞாண் கயிறு அழுந்தி அழுந்தி இடுப்பில் விழுந்திருந்த கறுப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. கோடு தெரிந்துவிட்டது, இனி இவன் பிழைக்க மாட்டான் என்று மொக்கைச்சாமி அலற, ரெண்டு பேரும் அவனைத் தொப்பென்று கீழே போட்டார்கள். அப்புறம் பாய் சொன்னது மறக்காமல் அவன் வேட்டியை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிவிட்டார்கள். அளந்து பார்த்தால் தலை நிஜமாகவே ஓர் அங்குலம் உயர்ந்திருந்தது. அடிபட்ட இடம் அப்படி வீங்கியிருந்தது. பாய் கைராசிக்காரர் என்று மூவரும் மெச்சிக்கொண்டார்கள்.

ஆனால் சைக்கிளில் ஏறினால் தலை பழையபடி கீழேதான். ஒச்சப்பன் அழ ஆரம்பித்துவிட்டான்.

மொக்கைச்சாமிக்குத்தான் அந்த யோசனை வந்தது. முன்பக்கம் ஏற மாட்டேன் என்றால், பின்பக்கத்தை இறக்கினால் ஆச்சு. பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். சீட் தொம்மென்று இறங்கியது, ஹேண்டில்பார் உயர்ந்தது. ஒச்சப்பன் உட்கார்ந்து பார்த்தான். நிமிர்ந்தேவிட்டான்.

ஆவணி முடிவதற்குள், கூட்டாளிகள் கயிறு கட்டி இழுக்க, சைக்கிள் மேல் தேரில் சாமி மாதிரி வீற்றிருந்து மாமா வீட்டு வாசலுக்கு வந்துசேர்ந்தான். வீட்டில் இருந்தது மூன்று பேர்தான். நாலாவது ஆளாகப் பால்காரர் வரும்வரை இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மாமா சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவரும் மந்தைப்பாறைக்காரர்தானே, கண் கலங்கிப்போனார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே மாப்ளே. பொண்ணு உனக்குத்தான்." உடனே அவர் முகம் வாடியது. "ஆனா மணவறைக்குப் பொண்ணு தலை குனிஞ்சுல்ல வரணும்? இவ எங்கே குனிவா?"

"அதுக்கென்னப்பா," என்றாள் மயில்தாய். "நானும் மச்சான் உசரம்தானே. பின்சக்கரத்தை மாட்டிக் குடுக்கச் சொல்லுங்க."

முகூர்த்தத்தன்று பட்டுப்புடவையை வரிந்துகட்டிக்கொண்டு, முகம் முன்சக்கரத்தைப் பார்க்க, மயில்தாய் சைக்கிளிலேயே கல்யாணப் பந்தலுக்குள் வந்தாள். இப்படிக் குனிந்த பொண்ணை ஊர் கண்டதில்லை. குனிந்த தலை நிமிராததால் மணவறை எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. நேரே போய்ப் பந்தலின் மறுபக்கம் வெளியேறிவிட்டாள். ஒச்சப்பன் தாலியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். மாமாவுக்குக் கொடுத்த வாக்குப்படி தலை நிமிர்ந்தே ஓடியதால், அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று அவனுக்கும் தெரியவில்லை.

தாலி ஏறும்வரை நிறுத்தக் கூடாது என்று மேளக்காரர்களிடம் மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் போனால் காதைக் கொடுத்துப் பாருங்கள். கெட்டிமேளம் இன்னும் நிற்கவில்லை.