கடைசியாக எழுதிய பக்கம்

இட்லி மாவில் உப்புப் போட்டோமா இல்லையா என்று மறந்துபோனால் என்ன செய்வீர்கள்? ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள்தானே? நல்லமுத்து அப்படிப் பார்க்கிற ஆளில்லை. கை பழகினால் போதும் என்பார்.

ஐம்பது வயதில், ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கிலிருந்து கணினி அறைக்கு மாற்றலாகி வந்தவர் அவர். அங்கே அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்த செங்கமலத்துக்கு அவருடைய மகள் வயது. என்றாலும் வாய் நிறைய "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

நோயாளிகளின் குறிப்பெல்லாம் சேலத்துப் பெரிய கணினியில் ஏறும். ஏற ஏறக் கோவைக் கணினி நகல் எடுத்துக்கொள்ளும். அன்று காலை சேலத்தில் மின்சாரம் போய் நகலெடுப்பு நின்றது. ஆஸ்பத்திரி எழுதுவதெல்லாம் கோவைக்குப் போனது. பதினோரு மணிக்குத்தான் சேலம் மறுபடி உயிர் பெற்றது.

"நகலைத் திரும்பத் தொடங்கிடவா, டீச்சரம்மா?"

"எங்கேயிருந்து எங்கே?"

"இதென்ன கேள்வி! சேலம் அசல், கோவை நகல். நாலு வருஷமா அப்படித்தானே ஓடுது?"

செங்கமலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சேலத்துல கடைசிப் பேரைப் படிங்கண்ணே."

"மரகதம். எட்டு இருபது. காய்ச்சல்."

"கோவையில?"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"வேலம்மாள். பத்து ஐம்பது. பிரசவ வார்டு. பென்சிலின் ஊசி போட்டதும் மூச்சுத் திணறல். இனி எக்காரணம் கொண்டும்…"

பாதியில் நிறுத்தி, சேலத்தின் பட்டியலை மேலும் கீழும் தேடினார். வேலம்மாள் இல்லை.

"நான் அமுக்கியிருந்தா?"

"சேலம் தன்கிட்ட இருக்கிறதைக் கொண்டுபோய்க் கோவை மேல எழுதியிருக்கும்."

"அந்தப் பொண்ணு?"

"வார்டுலதான் இருக்கும். அது குறிப்புதான் இருக்காது."

"அது எப்படி? மிஷின் என்னைத் தடுத்திருக்காதா?"

"அது ஏன் தடுக்கப் போகுது? ரெண்டும் ஒண்ணாயிடுச்சுன்னு பச்சை விளக்கு போட்டிருக்கும்."

நல்லமுத்து வேலம்மாளின் குறிப்பை இன்னொரு முறை படித்தார். பிறகு திசையை மாற்றிப் போட்டார்: கோவையிலிருந்து சேலத்துக்கு. பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனவர், எடுத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, ஒரு உதவி. அமுக்குறதுக்கு முன்னாடி திரையில இருக்கிறதை ஒவ்வொரு வரியா சத்தமா வாசிக்கிறேன். தப்பா இருந்தா, வயசைப் பார்க்காம என் கையைத் தட்டி விடுங்க."