பதினைந்து பல், ஒரு கல்

கோவில்பட்டியில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவர் தெய்வானை அம்மாள். வேலை கற்க வந்த ஐந்து பேருக்கும் அவர் வாத்தியாரம்மா. ஐவரில் மூத்தவன் சேர்மராஜ். தீப்பெட்டி ஆலையை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலுக்கு வந்தவன்.

அன்று சேர்மராஜின் தெருக்காரர் ஒருவர் தன் கடிகாரத்தை மேசையில் வீசினார்.

"நேத்து வாங்கிட்டுப் போனேன். இன்னைக்கு நின்னுபோச்சு."

வாத்தியாரம்மா மூடியைத் திறந்து பார்த்தார். எண்ணெய் படக்கூடாத அச்சில் எண்ணெய் மினுங்கியது.

"சேர்மராஜ்! இது கையா, கரண்டியா? சாம்பாரா ஊத்தியிருக்க?"

வந்தவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கடிகாரத்தில் கை வைத்தவன் ஐவரில் இன்னொருவனான இசக்கிதாஸ். அது வாத்தியாரம்மாவுக்கும் தெரியும். இசக்கிதாஸ் தலையைத் தூக்கவே இல்லை.

வந்தவர் கடிகாரத்தை விட்டுவிட்டுப் போகும்வரை சேர்மராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"எங்க போற?"

"வீட்டுக்கு. இனி வர மாட்டேன். யார் செஞ்சாலும் என்னை மட்டும் ஏன் ஏசுதீங்க?"

வாத்தியாரம்மா கழுவி, பாகங்களைப் பூட்டி வைத்திருந்த இன்னொரு கடிகாரத்தை இழுத்தார். எண்ணெய் ஊசியின் நுனியால் அதனுள்ளே இருந்த சிவப்புக் கல்லில் ஒரு பொட்டு வைத்தார். பக்கத்துப் பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது.

"எத்தனை பல்லு?"

"பதினஞ்சு. அதுகூடத் தெரியாமலா இருக்கேன்?"

"எத்தனை பல்லுல எண்ணெய் வச்சேன்?"

"ஒண்ணுலயும் இல்ல. கல்லுல வச்சீங்க."

"அப்ப பல்லுக்கு?"

"ஒவ்வொண்ணா வந்து கல்லுல இடிக்கும். எடுத்துக்கிட்டுப் போகும்."

"அவ்வளவுதான். இந்த நாலு பேரும் எதுக்கெடுத்தாலும் உன்கிட்டதான் வந்து இடிக்கானுவ. உன்கிட்ட ஒண்ணு சொன்னா நாலு பேருக்கும் போயிரும்."

நான்கு பேரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் மெதுவாகத் தலையாட்டினான். இதோடு சேர்மராஜ் பையை இறக்கிவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவன் இறக்கவில்லை.

"கல்லுல நீங்க வச்சது எண்ணெய். என்மேல வச்சது மண்ணு."

"என்ன சொல்லுத?"

"அந்த அச்சுல எண்ணெய் படக்கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்ல. தான் செஞ்ச தப்பு என்னன்னு இசக்கிதாசுக்கு இன்னும் தெரியாது. கேட்டுப் பாருங்க."

வாத்தியாரம்மா இசக்கிதாஸைப் பார்த்தார். அவன் விழித்தான்.

"கரண்டின்னு சொன்னீங்க. அதுதான் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. நீங்க திரும்பின உடனே 'கரண்டியண்ணே'ன்னு கூப்பிடுதானுவ."

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டான்.

வாத்தியாரம்மாவின் முகம் சிவந்தது. இன்னொரு ஏச்சு விழப்போகிறது என்று சேர்மராஜ் காத்திருந்தான். விழுந்தால் திருப்பிக் கொடுக்க அவனிடமும் சொல் தயாராக இருந்தது.

வாத்தியாரம்மா இசக்கிதாஸை அருகில் கூப்பிட்டார். நின்றுபோன கடிகாரத்தை அவன் முன்னால் வைத்தார்.

"இந்த அச்சு காய்ஞ்சே இருக்கணும். கல்லுல மட்டும்தான் எண்ணெய். இது நீ பூட்டினது."

"சரிங்கம்மா. இப்பவே இதுல எண்ணெய் வச்சிரவா?"

"அழுக்கு மேல எண்ணெய் வச்சா சேறாயிரும். முதல்ல கழுவணும்."

அதற்குள் சேர்மராஜ் வாசலைத் தாண்டியிருந்தான். கோபம் இன்னும் ஆறவில்லை. திரும்பி நின்று கேட்டான்.

"எதைக் கழுவப்போறீங்க?"

வாத்தியாரம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"முதல்ல என் வாயை. அப்புறம் அதைக் கேட்டுட்டுப் போன அந்த ஆளோட காதை. அவர் வீட்டுக்கு வழி உனக்குத்தான் தெரியும். முன்னால நட."