கடைசி என்ற மருந்து

முன்பொரு சமயம், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு மருந்துக் குப்பி தனியாக இருந்தது. மற்ற மருந்துகள் எல்லாம் தோற்றால்தான் அதை எடுப்பார்கள். அதனால் கடைசி என்றே அதற்குப் பெயர்.

கீழ்த்தட்டு மருந்துகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. பிரசவ ஆபரேஷனுக்குப் பிறகு சகாயராணி என்ற பெண்ணின் வயிற்றுத் தையலில் சீழ் வைத்திருந்தது. போன மருந்தெல்லாம் காலிக் குப்பியாகக் குப்பைக் கூடைக்குத்தான் வந்து சேர்ந்தது.

"என்ன ஆச்சு?" என்று மேலிருந்து கேட்டது கடைசி.

"அந்தக் கிருமிக்கு என்னை முன்பே தெரியும்," என்றது ஒரு காலிக் குப்பி. "சளி, காய்ச்சல் என்று எத்தனை பேர் என்னைக் கடையில் வாங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்! அப்போதெல்லாம் தப்பித்தவனின் வம்சம் இது. என் அடி ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம்."

கடைசிக்கு உடம்பு சில்லிட்டது. அதற்குள் அலமாரி திறந்தது.

"சார், இது கிட்னியைக் கெடுத்துடுமே," என்று தயங்கினாள் நர்ஸ் தில்லைக்கரசி.

"தெரியும்மா. வேற எது மிச்சமிருக்கு?" என்றார் டாக்டர் நாச்சியப்பன்.

ஊசி வழியே கடைசி அவள் ரத்தத்தில் இறங்கியது.

"பார்த்துப் போ, எங்களையும் சாய்ச்சுடாதே," என்று கெஞ்சின சிறுநீரகங்கள்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்றபடியே அது கிருமிக் கூட்டத்தில் பாய்ந்தது. நாட்கணக்கில் சண்டை. காய்ச்சல் மெல்ல இறங்கியது. சகாயராணி கண் திறந்து, "பாப்பா பால் குடிச்சாளா?" என்று கேட்டாள். டாக்டர் சந்தோஷத்தில் கையுறைகூட மாட்டாமல் கட்டைப் பிரித்து, தையலைத் தொட்டுப் பார்த்தார்.

உள்ளே, மூலையில் மடக்கப்பட்ட கிருமித் தலைவன் சிரித்தான்.

"சாகப் போகிறாய், என்ன சிரிப்பு?" என்றது கடைசி.

"என் மகன் இப்போதுதான் டாக்டரின் விரல் நுனியில் ஏறினான். உன் அடியையும் படித்துவிட்டான். பக்கத்துக் கட்டில் பெரியவருக்குப் புதுத் தையல். அங்கேதான் போகிறான். உனக்குப் பிறகு அலமாரியில் யார் இருக்கிறார்கள்?"

யாரும் இல்லை.

கடைசி ஓடியது. பலமெல்லாம் வடிந்திருந்தது. இதயத்தின் கதவில் மோதி, "அந்தக் கையை நிறுத்து!" என்று அலறியது. இதயம் துள்ளியது. இன்னதென்று தெரியாத பயம் சகாயராணியின் நெஞ்சை அடைத்தது. திரும்பிப் பார்த்தாள். அவள் தையலைத் தொட்ட டாக்டரின் கை பெரியவரின் தையல் கட்டை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

"டாக்டரய்யா..." என்று கூப்பிட்டாள். "கை கழுவிட்டு அவரைத் தொடுங்கய்யா."

கை அந்தரத்தில் நின்றது. டாக்டர் தன் விரலைப் பார்த்தார். முகம் சுண்டியது. குழாயடிக்குப் போனார்.

எந்த மருந்துக்கும் அசராத வம்சத்தின் பிள்ளை, சோப்பு நுரை மேலே ஏறியதும், "இது யார்? இதைப் பற்றி அப்பா சொல்லவே இல்லையே!" என்று கத்திக்கொண்டே சாக்கடைக்குள் போனான்.