மாட்டேன் என்ற பாடம்

தேவாலயத்தில் பிள்ளைகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கமிட்டிப் பெரியவர்கள் அசைந்து கொடுக்கவில்லை. "நம்ம சபையில பிள்ளைங்ககிட்ட தப்பா நடக்கிறவங்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டே போதகர் ஹெப்சிபா அம்மாவின் உயிரை வாங்கினார்கள். அம்மா முன்பு இருந்த சபையிலும் இதே கேள்விதான். பதில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

கடைசியில் வேலை எலியேசரின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூட வாத்தியார் உத்தியோகத்தை விட்டுவிட்டு அம்மாவிடம் ஊழியம் கற்க வந்தவர் அவர். கண்டிப்புக்குப் பேர்போனவர். வேதவசனம் படிப்பிப்பது போலவே இதையும் வாராவாரம் படிப்பித்தார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் கைகட்டி வரிசையாக நின்றார்கள்.

"யார் தொட்டாலும், தனியே அழைத்தாலும், எனக்குப் பிடிக்காவிட்டால் மாட்டேன் என்பேன்!"

ஒரே குரல். ஓர் எழுத்துப் பிசகவில்லை. சபையாருக்குப் பெருமை தாங்கவில்லை. பழக்கதோஷத்தில் ஒருவர் "ஆமென்" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

பக்கத்து அறையில் அம்மா அங்கியைக் கழற்றிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். எலியேசர் பாராட்டுக்காகக் காத்து நின்றார். அது வருவதாக இல்லை. அவரே கேட்டார்.

"பாடம் பிள்ளைங்க மனசுல ஏறிட்டுல்லாம்மா?"

"எல்லாரும் நின்னாங்களா?"

"பியூலா மட்டும் இல்ல. நான்தான் வரிசையில விடல."

"ஏன்?"

"சரியான திமிரும்மா. பாட்டு வாத்தியார் ஆரோன் சார் போன வாரம் தனியா பாட்டுப் பழக வான்னு கூப்பிட்டாரு. எல்லார் முன்னாலயும் மூஞ்சில அடிச்ச மாதிரி மாட்டேன்னுட்டா. பெரியவங்கன்னு ஒரு மட்டுமரியாதை வேண்டாமா? முட்டி போட வச்சேன்."

அம்மா கண்ணைத் திறந்தார்.

"இப்ப எங்க அவ?"

"பாட்டு அறையில. சார்கிட்ட மன்னிப்புக் கேளுன்னு நானே கொண்டுபோய் விட்டுட்டு..."

தான் சொன்னது எலியேசரின் காதில் அப்போதுதான் விழுந்தது. அதற்குள் அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

பாட்டு அறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா தட்டவில்லை, தள்ளினார். பியூலா சுவரோடு ஒட்டி நின்றாள். ஆரோன் சார் அவசரமாக ஆர்மோனியத்தைத் திறந்தார்.

"இப்பத்தான் ஆரம்பிக்கப் போறோம்மா" என்று சிரித்தார்.

"கிளம்புங்க சார். இனிமே பிள்ளைங்க இருக்கிற பக்கம் வரக் கூடாது. சொல்ல வேண்டிய இடத்துல நான் சொல்லிக்கிடுதேன்."

பியூலா அம்மாவின் சேலையைப் பிடித்தபடி வெளியே வந்தாள். வாசலில் எலியேசரைக் கண்டதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஆரோன் சாருக்குப் பயந்தது போலவே தனக்கும் பயப்படுகிறாள் என்பதை எலியேசரால் தாங்க முடியவில்லை.

பிள்ளையைத் தாயிடம் சேர்த்து, விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்து, அம்மா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எலியேசர் எதிரே நின்றார்.

"மாட்டேன்னு சொல்லப் படிச்சுக் கொடுத்ததே நான்தானேம்மா. அவளும் சொன்னாளே."

"சொன்னா."

"நான் போய் அவகிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமா?"

அம்மா களைத்த கண்களால் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கேளுங்க. மாட்டேன்னு சொன்னா, அதையும் கேளுங்க."